சூட்டில் மட்டும் நிற்கும் வண்டி

காலையில் ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆகிறது. இருபது, இருபத்தைந்து நிமிடம் குறை சொல்ல முடியாதபடி ஓடுகிறது. நன்றாகச் சூடேறியதும் நின்றுவிடுகிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. முக்கால் மணிநேரம் புளியமரத்தடியில் கிடந்தால், எதுவுமே நடக்காதது போல மறுபடியும் ஓடுகிறது. பட்டறையில் விட்டுவிட்டு வந்தால், மறுநாள் காலை மெக்கானிக் சாவியைத் திருப்புவார். தையல் மிஷின் போலச் சத்தம் வரும். “வண்டில ஒண்ணும் பிராப்ளம் இல்லையே சார்” என்பார்.

பழைய கார், வேன் வைத்திருக்கிற எவருக்கும் தெரிந்த கதை இது. மனு, வழக்கு, உதவித்தொகை, தேர்வு என்று இங்கே படித்துப் பழகிய தோழர்களுக்கு எஞ்சினைப் பற்றிய கட்டுரை வியப்பாக இருக்கலாம். ஆனால் ஊர் ஊராகப் போய் வேலை செய்கிற எந்தக் குழுவிடமும் ஒரு பழைய வண்டி இருக்கும். அதை ஓட்டத் தெரிந்தவர் நான்கு பேர் இருப்பார்கள். அது நின்றால் ஏன் நின்றது என்று கேட்கத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்.

முழுதாகப் படுத்துவிட்ட வண்டியால் பெரிய தொல்லை இல்லை. ஓரங்கட்டிவிட்டு பஸ் ஏறிவிடலாம். எப்போது நிற்கும் என்று தெரியாத வண்டிதான் மோசம். அதை நம்பி ஆட்களை ஏற்றிவிடுகிறோம்.

எங்கள் வேன் 2011ஆம் ஆண்டு மாடல். பெட்ரோல். எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில். சீட்டைத் தூக்கினால்தான் அதன் முகமே தெரியும். செஞ்சிக்கு மேற்கே ஆறு ஊர்களின் தெருக்களில் வசூல் செய்த பணத்தில் மூன்றாம் கையாக வாங்கியது. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மனுக்களோடு விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ், நள்ளிரவில் யாருக்காவது வலி எடுத்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை, வாய்தா நாளில் சாட்சிகளோடு கோர்ட். எல்லாவற்றுக்கும் இதே வேன்தான். மாலைப் பள்ளிப் பிள்ளைகள் அதை ‘நம்ம ரதம்’ என்பார்கள். நின்றுபோன நாட்களில் வேறொரு பெயர் சொல்வார்கள், அது இங்கே வேண்டாம்.

குரூப் 4 தேர்வுக்கு ஒன்பது பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் கைக்குழந்தையோடு படித்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் மாதிரித் தேர்வு. பிள்ளைகளை இறக்கி, எழுதி முடித்ததும் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். போகிற வழியில் தீவனூரைத் தாண்டியதும் எஞ்சின் அறுந்தது. ‘அறுந்தது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இருமவில்லை, திக்கவில்லை, துள்ளவில்லை. யாரோ கை நீட்டிச் சாவியை அணைத்தது போல ஒரே வெட்டு. நாற்பது நிமிடம் கழித்து ஓடியது. மாதிரித் தேர்வு என்பதால் அன்றைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறும் ஏறக்குறைய அதே இடத்தில் அதே வெட்டு.

உண்மையான தேர்வில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு கூடத்துக்குள் விடமாட்டார்கள். இரண்டு நிமிடம் தாமதம் என்றாலும் கேட்டுக்கு வெளியேதான். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பக்கம் முதல் பஸ் ஏழரை மணிக்கு. செஞ்சியில் இறங்கி மாற வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் ஒன்பதைத் தொட்டுக்கொண்டு போய்ச் சேரலாம். ஒரு வருடம் மாட்டுத் தொழுவத்துப் பக்கத்தில் பல்பு மாட்டிப் படித்த பிள்ளைகளை ‘எல்லாம் சரியாக அமைந்தால்’ என்பதை நம்பி அனுப்ப முடியாது. தேர்வுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

பட்டறையில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பட்டறை என்பது முக்கியமில்லை, எல்லா ஊரிலும் இதுதான் நடக்கிறது. முதல் முறை நான்கு பிளக் மாற்றினார்கள். இரண்டாம் முறை பெட்ரோல் ஃபில்டர். மூன்றாம் முறை டேங்கை இறக்கி பெட்ரோல் பம்பையே மாற்றினார்கள். கூலியும் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு முறையும் வண்டி பட்டறையைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓடியது, ‘ரெடி’ என்று கையில் வந்தது, தீவனூர் பக்கம் போனதும் நின்றது. நான்காம் முறை போனபோது, “கம்ப்யூட்டர் போயிடுச்சு சார். ஈசிஎம் மாத்தணும். பழசு தேடிப் புடிச்சாலே பதினாறாயிரம் ஆவும்” என்றார் மெக்கானிக்.

அன்றைக்கு எங்களோடு ஒரு தங்கை வந்திருந்தார். எங்கள் மாலைப் பள்ளியில் படித்தவர், இப்போது ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் இரண்டாம் ஆண்டு. அவர் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். அவர் மெதுவாகக் கேட்டார்:

“எதை வச்சுண்ணே ஈசிஎம்னு சொல்றீங்க?”

“இருபது வருஷ அனுபவம்மா.”

“இல்லண்ணே, நின்னப்போ ஸ்பார்க் வந்துதா, பம்ப் ஓடுச்சான்னு பாத்தீங்களா?”

“இங்க எங்கம்மா நின்னுது? எங்ககிட்ட வந்தா நல்லாத்தான ஓடுது!”

அந்தக் கடைசி வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. மூன்று முறை பாகம் மாற்றியவர் அந்த வண்டி நின்று ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

மெக்கானிக்கைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவருடைய தொழிலில் பாகம் மாற்றினால் காசு, காத்திருந்து கண்டுபிடித்தால் காசு இல்லை. வண்டி சூடாகும் வரை ஒன்றரை மணிநேரம் பக்கத்தில் உட்கார்ந்து, நிற்கிற கணத்தில் சோதித்து, ‘இதுதான்’ என்று சொல்வதற்கு நம்மில் யார் அவருக்குக் கூலி தருகிறோம்? “ஒண்ணுமே மாத்தலியே, எதுக்குங்க ஐந்நூறு?” என்றுதான் கேட்போம். மூளை உழைப்பைக் கையுழைப்பு செய்பவரிடமிருந்து இலவசமாக எதிர்பார்ப்பது நம்மவர்களிடமும் இருக்கிற பழக்கம்.

வேனைத் திரும்பக் கொண்டுவந்தோம். தங்கை முதலில் கையில் ஸ்பேனரை எடுக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்தார். ஓட்டியவர்கள் மூவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டார். எப்படி நின்றது? வெட்டினது போலவா, இழுவை குறைந்து குறைந்தா? ஓடும்போதா, சிக்னலில் காலை எடுத்ததும் நின்றதா? புகை வந்ததா, என்ன நிறம்? பெட்ரோல் வாசம்? டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது? வெயிலா, இரவா? திரும்ப ஓட எவ்வளவு நேரம் எடுத்தது? உண்மை அறியும் குழு போகும்போது நாங்கள் கேட்கிற மாதிரியே இருந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்காதபடி தனியாகக் கேட்டதும் அதே முறைதான்.

ஏன் இவ்வளவு கேள்வி என்றால், எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: காற்று, சரியான அளவு பெட்ரோல், சரியான நேரத்தில் தீப்பொறி. கூடவே அந்தக் கலவையை அழுத்திப் பிடிக்க ஓட்டை இல்லாத சிலிண்டர். குளிரில் எல்லாம் சரியாக இருந்து சூட்டில் நிற்கிறது என்றால், இவற்றில் ஒன்று சூட்டில் மாறுகிறது. எது மாறுகிறது என்பதை வண்டி நிற்கிற விதமே பாதி சொல்லிவிடும்.

வெட்டினது போல நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம். இக்னிஷன் காயில், கிராங்க் சென்சார், மெயின் ரிலே, இவற்றுக்குப் போகிற வயர். உள்ளே முடி போல மெல்லிய செம்புக் கம்பியோ, ஈயப் பற்றோ இருக்கும். அதில் ஒரு விரிசல் விழுந்தால் குளிரில் இரண்டு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரிந்து விலகும். ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்ளும்.

இழுவை குறைந்து, குலுங்கி, துள்ளி நின்றால் பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. அந்தப் பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. எப்போதும் ரிசர்வில் ஓட்டுகிற வண்டிகளில் பம்ப் சீக்கிரம் சூடாகிச் சோர்ந்துவிடும். இயக்க வண்டிகள் எப்போதும் ரிசர்வில்தான் ஓடும் என்பது தனிக் கதை. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி என்றால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் குழாய்க்குள் அழுத்தம் அதிகம் என்பதால் அது அபூர்வம்.

ஓடும்போது நன்றாக ஓடி, சிக்னலில் காலை எடுத்ததும் அணைந்தால் காற்றுப் பக்கம். குளிர்ந்திருக்கும்போது கம்ப்யூட்டர் ஐடிலை வேண்டுமென்றே கொஞ்சம் தூக்கி வைத்திருக்கும். சூடானதும் இறக்கிவிடும். திராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால், ஐடில் வால்வு ஒட்டிக்கொண்டிருந்தால், இறங்கிய ஐடிலில் காற்று போதாமல் அணைந்துவிடும். பல நேரங்களில் ஒரு கிளீனர் ஸ்ப்ரேயோடு முடிகிற வேலை இது.

கறும்புகை, பெட்ரோல் வாசம், பிளக் நனைந்து கறுத்திருப்பது என்றால், கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைச் சந்தேகப்படலாம். அது கம்ப்யூட்டருக்கு எஞ்சினின் சூட்டைச் சொல்கிற சென்சார். சூடு ஏற ஏற அதன் ஓம் அளவு குறைய வேண்டும். சாதாரணமாக 20 டிகிரியில் இரண்டாயிரம், மூவாயிரம் ஓம் இருப்பது 80 டிகிரியில் சில நூறுக்கு இறங்கிவிடும். அது பழுதாகி, கொதிக்கிற எஞ்சினை ‘இன்னும் குளிர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எஞ்சின் மூச்சு முட்டி நிற்கும்.

கேஸ் கிட் போட்ட வண்டிகளில் இன்னொன்று உண்டு. வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேய்ந்து, வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி குறைந்துவிடும். சூட்டில் வால்வு நீளும்போது முழுதாக மூடாது, அழுத்தம் போய்விடும். ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் மூன்று ஓட்டுநர்களும் சொன்னது ஒரே பதில்: வெட்டினது போல நின்றது, புகை இல்லை, வாசம் இல்லை, ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. “அப்ப பம்ப் மாத்துனதே வேணாம்ண்ணே” என்றார் தங்கை. யாரும் பதில் சொல்லவில்லை. பொருளாளர் தோழர் மட்டும் பெருமூச்சு விட்டார்.

அடுத்தது, வண்டியை நிற்க வைப்பது. வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி, அக்னி வெயில், சமுதாயக்கூடத்துக்கு முன்னால். பட்டறை ஆள் வண்டியைக் குளிரில் பார்த்தார். நாங்கள் இருக்கிறதிலேயே மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுத்தோம். சீட்டை மூடி, கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை ஓட விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். முன்னூறு ரூபாய்க்கு வாங்கிய மல்டிமீட்டர், ஒரு பழைய பிளக், ஈரத்துணி, ஒரு குடம் தண்ணீர், ஐந்நூறு ரூபாய் புளூடூத் ஸ்கேனர் – இவ்வளவுதான் ஆயுதம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் எஞ்சின் சூடு, ஆர்பிஎம் எல்லாம் செல்போனில் தெரியும். எல்லாப் பழைய வண்டியிலும் இது பேசாது, எங்கள் வேன் பேசியது. ஓட விடுவதற்கு முன்பே, எஞ்சின் ஆறியிருக்கும்போது, கிராங்க் சென்சாரின் பிளக்கைக் கழற்றி அளந்து நோட்டில் எழுதிவைத்தார்: 540 ஓம்.

முப்பத்தைந்து நிமிடம் ஓடியது. தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஒரு பாட்டி, “நல்லா ஓடுற வண்டிய ஏம்பா நிக்கச் சொல்லி வேண்டிக்கிறீங்க?” என்று கேட்டார். செல்போனில் 94 டிகிரி காட்டியபோது வெட்டு விழுந்தது. கைதட்டினோம். வண்டி நின்றதற்கு நாங்கள் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

அடுத்த நான்கு நிமிடத்தில் அவர் செய்தவற்றை வரிசையாகவே சொல்கிறோம், ஏனென்றால் இதில் வரிசை முக்கியம். சாவியை ஆன் மட்டும் செய்யச் சொல்லி, பின்சீட்டில் காதை வைத்தார். டேங்க் பக்கம் இரண்டு நொடி ‘ம்ம்ம்’ என்ற சத்தம். பம்புக்கு உயிர் இருக்கிறது, அதற்குக் கரன்ட் தருகிற ரிலேவும் வேலை செய்கிறது. அடுத்து பழைய பிளக்கை வயரில் மாட்டி, ரப்பர் பிடி போட்ட குறடால் எஞ்சின் இரும்பில் சாய்த்துப் பிடித்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். தீப்பொறி இல்லை. இதைச் செய்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அக்கம்பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது, வெறுங்கையால் தொடக் கூடாது. இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் பாய்கிற இடம் அது. மூன்றாவதாக, ஸ்டார்ட்டர் சுற்றும்போது செல்போனைப் பார்க்கச் சொன்னார். எஞ்சின் கண்ணெதிரே சுற்றுகிறது, ஆர்பிஎம் பூஜ்யம் என்கிறது.

“சுத்துறது கம்ப்யூட்டருக்குத் தெரியலண்ணே” என்றார்.

கிராங்க் சென்சார் என்பது கட்டைவிரல் அளவுப் பொருள். உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள். எதிரே கிராங்கோடு சேர்ந்து சுற்றுகிற பல் சக்கரம். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் ஒரு சின்ன மின் துடிப்பு. அந்தத் துடிப்பை எண்ணித்தான் கம்ப்யூட்டர் எப்போது தீப்பொறி, எப்போது பெட்ரோல் என்று முடிவெடுக்கிறது. துடிப்பு வராவிட்டால் எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்து இரண்டையும் நிறுத்திவிடும், பம்பையும் அணைத்துவிடும். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருந்தால் தீப்பிடிக்கும், அதற்கான ஏற்பாடு. ஆக, தீப்பொறியும் பெட்ரோலும் ஒரே கணத்தில் சேர்ந்து போனால், இரண்டையும் தனித்தனியாகத் தேடாமல் இரண்டுக்கும் பொதுவானது எது என்று தேட வேண்டும்.

சென்சாரின் பிளக்கை உருவி மீட்டரை வைத்தார். காலையில் 540 காட்டிய இடத்தில் ‘ஓஎல்’. கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். செம்புக்குச் சூட்டில் ஓம் கொஞ்சம் ஏறுவது இயற்கை, டிகிரிக்கு நூற்றுக்குச் சுமார் 0.4. 640, 650 காட்டியிருந்தால் நல்ல சென்சார். முடிவே இல்லை என்று காட்டினால் விரிசல்தான். அதோடு விடவில்லை. ஈரத்துணியைச் சுற்றி, சென்சார்மேல் மட்டும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மூன்று நிமிடத்தில் மீட்டரில் எண் திரும்பி வந்தது. பிளக்கைச் செருகி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பிடித்துக்கொண்டது. எஞ்சின் இன்னும் 90 டிகிரியில்தான் இருந்தது. ஆறியது அந்தக் கட்டைவிரல் அளவுப் பொருள் மட்டும். நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஓட்டம் நின்றதும் காற்று நின்றுவிடுகிறது. சீட்டுக்கு அடியில் அடைபட்ட சூடு, கொஞ்ச நேரம் குறைவதற்குப் பதில் ஏறுகிறது.

அதற்கப்புறமும் அவர் சென்சாரை மாற்றச் சொல்லவில்லை. பிளக்கிலிருந்து போகிற வயரை ஒரு சாண் தூரம் வளைத்து வளைத்து மீட்டரில் பார்த்தார். சில வண்டிகளில் சென்சார் நன்றாக இருக்கும், சைலன்சர் பக்கம் போகிற வயர் வெந்து உள்ளே அறுந்திருக்கும். எங்களுடையதில் வயர் நலம். இன்னொன்றும் சொன்னார்: மூன்று கம்பி உள்ள சென்சார் என்றால் இந்த ஓம் கணக்கு செல்லாது. அது வேறு ஜாதி என்று சொல்ல வந்து, நாக்கைக் கடித்து, “வேற வகை” என்று திருத்திக்கொண்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்த வகைக்குள் சிறு மின்சுற்று இருக்கிறது. கரன்ட் வருகிறதா, சுற்றும்போது சிக்னல் மாறுகிறதா என்று வோல்ட்டில்தான் பார்க்க வேண்டும்.

புது சென்சார் 950 ரூபாய். ஒரே போல்ட். இருபது நிமிட வேலை. ஈசிஎம் என்று சொன்ன பதினாறாயிரம் மிஞ்சியது.

அன்று மாலை டீ குடிக்கும்போது பேச்சு வேறு திசையில் போனது. ஒரு ஊரில் தகராறு நடந்து பத்து நாள் கழித்து அதிகாரி விசாரணைக்கு வருவார். காலை பதினொரு மணி, தெருவில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். டீக்கடையில் அன்றைக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே கிளாஸ். ‘அமைதி நிலவுகிறது, புகாருக்கு முகாந்திரம் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஆறின எஞ்சினைத் தட்டிப் பார்த்துவிட்டு ‘ஒண்ணும் பிராப்ளம் இல்லையே சார்’ என்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எங்களுக்குத் தெரியவில்லை. திருவிழா வாரத்தில் வந்து பார்க்கச் சொல்லி எத்தனை மனு எழுதியிருக்கிறோம்! ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க வேண்டாம். எஞ்சினுக்குச் சாட்சி சொல்ல பயம் கிடையாது.

தங்கைக்கு ஐந்நூறு ரூபாய் கூலி கொடுத்தோம். “நம்ம வேனுக்குப் போய்...” என்று மறுத்தார். வாங்கத்தான் வேண்டும் என்று சொல்லி, ‘கோளாறு கண்டறிந்த கூலி’ என்றே வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்கினோம்.

மாற்றிவிட்டதால் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்களை ஏற்றாமல், இரண்டு நாள் நடு மத்தியானத்தில் திண்டிவனம் போய்த் திரும்பினோம். போய்ச் சேர்ந்ததும் பதினைந்து நிமிடம் அணைத்து வைத்து, சூடு உள்ளே ஏறிய பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்தோம். நிற்கவில்லை. அப்படியும் தேர்வு நாளுக்குப் பக்கத்து ஊர் மாமா ஒருவரின் லோடு ஆட்டோவைச் சொல்லிவைத்தோம். அது வேனுக்குப் பின்னாலேயே காலியாக வந்தது. ஏழு ஐம்பதுக்கு மையத்தின் வாசலில் ஒன்பது பேரையும் இறக்கிவிட்டோம். லோடு ஆட்டோ மாமா, “நீங்க நிப்பீங்கன்னு பாத்தா என்ன வீணா டீசல் போட வச்சிட்டீங்களே” என்று சலித்துக்கொண்டார். டீசல் காசைக் கொடுத்துவிட்டோம்.

உங்களில் பலரிடம் கார் இல்லை, பைக்தான் இருக்கிறது. அதிலும் இதே நோய் வரும். அரை மணிநேரம் ஓடி நிற்கிற பைக்கில் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, அதற்குப் பிறகு வண்டி ஓடினால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, வருவது நின்றுவிடுகிறது. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, ஓடிய நேரம்தான் கணக்கு. ஒரு ஊசியால் முடிகிற இதற்காகக் கார்புரேட்டரையே மாற்றியவர்களை எங்களுக்குத் தெரியும்.

கார், வேன் ஓட்டுகிற தோழர்களுக்கு ஒன்று. ஓடும்போது எஞ்சின் அறுந்தால் பிரேக்குக்கு உதவுகிற வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்கும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டுங்கள். பவர் ஸ்டியரிங் இருந்தால் அது கல்லாகிவிடும், இரண்டு கையாலும் பலமாகத் திருப்ப வேண்டும். பதற்றத்தில் சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நின்றதும் ஹசார்ட் விளக்கு, ஆட்களை இறக்கி ரோட்டைவிட்டுத் தள்ளி நிற்க வைப்பது, பிறகுதான் மற்றது. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம். அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது ஒரு தாளில் நின்ற விதம், நேரம், தூரம், புகை, வாசம் எல்லாம் எழுதிக்கொண்டு போங்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொன்னாலும் தங்கை கேட்ட அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், காத்திருந்து சோதிப்பதற்கான கூலியையும் நீங்களே முதலில் பேசிவிடுங்கள்.

பழைய சென்சாரைத் தூக்கிப் போடவில்லை. மாலைப் பள்ளியில் அறிவியல் பெட்டிக்குள் இருக்கிறது. சனிக்கிழமைகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை மீட்டரில் மாட்டி, யார் வீட்டிலிருந்தோ கொண்டுவந்த ஹேர் டிரையரால் சூடேற்றுகிறார்கள். எண் மெல்ல ஏறுகிறது, 560, 600, 630, திடீரென்று ‘ஓஎல்’. “போச்சு!” என்று கத்துகிறார்கள். ஊதி ஊதி ஆற்றி மறுபடி வர வைக்கிறார்கள். இதுவரை எத்தனை தடவை செய்தார்கள் என்று சுவரில் கோடு போட்டிருக்கிறார்கள். போன வாரம் பார்த்தபோது நாற்பத்தொன்று.